நெய்க்கு அனுமதி இல்லை

ஐந்தரைக்கு எழும்பினேன். கிணற்றடியில் முகம் கழுவினேன். இரண்டு மாடுகளையும் மாற்றிக் கட்டித் தண்ணீர் வைத்தேன். முற்றம் கூட்டினேன். தேநீர் போட்டேன். சீனி போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. பிட்டு அவித்தேன்.

ஜேர்மனிக்குப் போகும் நாளும் இப்படித்தான் தொடங்கியது. பத்து மணிக்கு, விமான நிலையத்துக்குப் போக வான் வரும்.

விசா எங்கள் இருவருக்கும் கிடைத்திருந்தது. இருபத்தொரு நாள். அழைத்தவன் என் மனைவி கிருசாந்தியின் அண்ணன் ரஜிதன். படிவங்களை நிரப்பியது அவள். நாங்கள் திரும்பி வருவோம் என்று காட்ட ஒரு கடிதமும் எழுதினாள். என் கந்தோர் வேலை, மூன்று ஏக்கர் வயல், இரண்டு மாடு.

"மாட்டை ஏனப்பா எழுதுறாய்?"

"உங்களை நம்பாட்டியும் மாட்டை நம்புவாங்கள்."

விசா வந்த ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. முப்பத்தோராம் நாள் காரியம், அந்தியேட்டி, கழிந்து இன்று ஒன்பது நாள்.

ரஜிதன் வரவில்லை. அகதியாகப் போனவன். அவனிடம் உள்ள பயணப் பத்திரத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லலாம் என்று எழுதியிருக்கிறது. தங்கையை அவன் பதினாலு வருடமாக நேரில் பார்க்கவில்லை. செத்த வீட்டை போனில் பார்த்தான்.

ஏழு மணி பஸ்ஸில் மாங்குளத்திலிருந்து மாமி, கிருசாந்தியின் அம்மா, வந்தார். கையில் ஒரு போத்தில் தேன். நேரே குசினிக்குள் போய், அலுமாரியிலிருந்து நெய்ப் போத்திலை எடுத்தார். காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்பு கிருசாந்தி உருக்கிய நெய். அதைத் துவாயில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தார்.

"மாமி, நெய் கொண்டுபோகேலாது. பால் சாமான், இறைச்சி ஒண்டும் விடாங்கள். தேன் ரெண்டு கிலோ மட்டும் விடுவாங்கள். கருவாடும் விடுவாங்கள்."

"நாறுற கருவாடு போகலாம், நெய் போகேலாதோ? நல்ல நாடுதான்."

கிருசாந்தி அச்செடுத்து வைத்திருந்த ஜேர்மன் சுங்க விதிகளைக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனையால் குறித்திருந்தாள். தேன் – ஓம். கறிவேப்பிலை – சான்றிதழ் வேணும், விட்டிட்டுப் போவம். நெய் – இல்லை. மாமி தாளை வாங்கவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். ரஜிதனுக்குப் போன் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உடுப்புக்குள்ள சுத்தி வையுங்கோ மச்சான். எல்லாரும் அப்பிடித்தான் கொண்டருகினம்."

"பிடிச்சா?"

"பிடிச்சா குப்பையில போடுவாங்கள். உங்களையோ போடப்போறாங்கள்?" சிரித்தான். "கொண்டாங்கோ மச்சான். அவளின்ர கைபட்டது எண்டு என்னட்ட ஒண்டுமில்லை."

போனை வைத்ததும் மாமி சொன்னார். "கடைசியா அவள் அதைத்தான் சொன்னவள், தம்பி. நெய்யை அண்ணாட்டக் குடுங்கோ எண்டு."

முதல் கிழமை, கடைசியாக 'அம்மா' என்றாள் என்று சொன்னார். அந்தியேட்டியன்று, முருகனைக் கூப்பிட்டாள் என்றார். இன்று நெய். அவள் கடைசியாகப் பேசியபோது மாமி மாங்குளத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்.

மாமி மாடுகளைப் பார்க்கப் போனார். நான் பெட்டியைத் திறந்து நெய்யை வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் தேனை வைத்தேன். கிருசாந்தி குறித்த தாளை ஒரு கடித உறையில் போட்டு, ரஜிதனின் பெயரை எழுதி, என் சேட்டுகளுக்கு மேல் வைத்தேன். தாளுக்குத் தடை இல்லை.

பிட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். நெய்ப் போத்திலைத் திறந்தேன். மணம் தெரியவில்லை. இரண்டு கரண்டி விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன்.

மாமி வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி செய்யிறியள்?"

"அவள் சொன்னதை."

"என்ன சொன்னவள்?"

மாமி கதிரையில் வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். வவுனியா ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கொண்டுபோகும்போது, புளியங்குளம் தாண்டியதும், அம்புலன்சில் அவள் ஒட்சிசன் முகமூடியை விலக்கிச் சொன்னது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"நெய்யை அண்ணாக்கெண்டு கட்டிப்போடாதேங்கோ. பறிச்சு எறிஞ்சுபோடுவாங்கள். நீங்கள் சாப்பிட்டு முடியுங்கோ."