சுவருக்குப் பின்னால் நல்லது

பெல்மதுளையிலிருந்து நிவித்திகலப் பக்கம் போகும் பாதையில், ரப்பர் மலையை வெட்டிக் கட்டியிருந்த அந்த வாடகை வீட்டுக்குச் சுதர்சினி குடிவந்தபோது, வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "என்ன வேணும்னாலும் செஞ்சுக்கங்க. சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க." ஆணி அடித்தால் சுவருக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து ஒற்றைக் காம்பரா லயத்தில் ஏழு பேரோடு பிறந்து வளர்ந்தவள், இரண்டு அறையும் தனிக் கக்கூசும் கிடைத்த சந்தோஷத்தில் எதைத்தான் கேட்பாள்?

பின்னறைச் சுவரில் மட்டும் ஒரு வெடிப்பு இருந்தது. புதிதாகப் பூசிய சுண்ணாம்பையும் மீறி, கூரையிலிருந்து தரைவரை கோணலாக இறங்கியது. அந்தச் சுவரோரம்தான் இரண்டு வயது மகள் லோஜினியின் கட்டிலைப் போட முடியும், முன்னறையில் ஓடு ஒழுகியது. பிள்ளை கண் விழித்ததும் வெடிப்பையா பார்க்க வேண்டும் என்று சுதர்சினிக்கு ஆற்றாமையாக இருந்தது.

பஜாரில் மஷூர் நானாவின் பேன்சிக் கடையில் வழி கிடைத்தது. ஸ்டிக்கர் பேப்பர். சிவப்புச் செங்கலும் நடுவே வெள்ளைக் கோடுமாக அச்சடித்த பிளாஸ்டிக் தாள், சுருள் சுருளாகத் தொங்கியது. பின்தாளை உரித்து ஒட்ட வேண்டியது, வேண்டாமென்றால் இழுத்துக் கழற்ற வேண்டியது.

"சுவரு அப்படியே கெடக்கும் தங்கச்சி. வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார் மஷூர் நானா. விலையும் கைக்கடக்கமாக இருந்தது.

ஒரு முழு நாள் ஒட்டினாள். ஒரு தாளின் கோடு அடுத்த தாளின் கோட்டோடு நூல் பிடித்த மாதிரிச் சேர வேண்டும் அவளுக்கு. சீப்பைத் துணியில் சுற்றி, காற்றுக் குமிழ்களை வழித்து வழித்து வெளியே தள்ளினாள். மாலையில் புடவைக் கடை வேலை முடிந்து வந்த அவள் கணவன் யோகநாதன் வாசலில் நின்று சிரித்தான்.

"சுவத்துக்குச் சட்டை தச்சுப் போட்டிருக்கே."

"கேலி பண்ணாதீங்க. எங்கயாச்சும் கோடு தப்பியிருக்கான்னு பாருங்க."

ஒரு கோடும் தப்பியிருக்கவில்லை. அது 2006, புரட்டாசி முடியும் நேரம்.

அதற்கு அடுத்த வாரம் குசுமா வந்தாள். பள்ளத்தில் அடுத்த வீட்டுக்காரி, சிங்களப் பெண், விடிகாலையில் இவர்கள் வீட்டைத் தாண்டி மேலே ரப்பர் பால் வெட்டப் போகிறவள். அன்று பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மலையைக் காட்டி, "நங்கி, பிட்டிபஸ்ஸ நாய யனவா" என்றாள். கையை மேலிருந்து கீழாக நெளித்துக் காட்டினாள். "பலாகென இன்ன."

சுதர்சினியின் சிங்களம் கடைச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். நங்கி என்றால் தங்கச்சி. பிட்டிபஸ்ஸ என்றால் பின்பக்கம், யனவா என்றால் போகிறது. பலாகென இன்ன என்றால் கவனமாயிரு. நடுவில் வந்த சொல்லும் தெரியும், நயா என்றால் நாகம். கையின் நெளிவும் அதைத்தான் சொன்னது.

அன்று இரவு சாப்பாடு போடும்போது கணவனிடம் சொன்னாள். ஆனால் குசுமா சொன்ன சொல்லைச் சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், நல்லது என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவள் அம்மா வாயில் அடித்து வளர்த்திருந்தாள், எந்தப் பாஷையில் சொன்னாலும் கூப்பிட்டதுதான்.

"பின்னால நல்லது நடமாடுதாம். குசுமா அக்கா சொல்லிட்டுப் போகுது."

"ரப்பர் மலையில அது இல்லாம இருக்குமா" என்று யோகநாதன் சோற்றைப் பிசைந்தான். அவன் பெல்மதுளையிலேயே பிறந்தவன், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அந்தச் சொல் ஒரு தடவை அவன் காதில் விழுந்திருந்தால் போதும். விழவில்லையே.

மறுநாள் அவள் காரியத்தில் இறங்கினாள். வீட்டுக்குப் பின்னால் மலையைத் தாங்கி நின்ற கருங்கல் கட்டில், தண்ணீர் வடிய ஆறு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். நல்லது வேறு எந்த வழியாக வரும்? சாக்குத் துண்டுகளை எடுத்து, மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாளில் சுற்றி, ஓட்டைகளுக்குள் திணித்து, உலக்கையால் இடித்து இறுக்கினாள். அன்றிலிருந்து பின்வாசல் காய்ந்து கிடந்தது. சேறு இல்லை, நசநசப்பு இல்லை. தன் கெட்டித்தனத்தை எண்ணி அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பகலில் லோஜினியைத் தூங்கப் போடும்போது செங்கல் தாளுக்குப் பின்னால் சரசரவென்று ஏதோ இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. பிள்ளை விரலை நீட்டி, "அம்மா, பூச்சி" என்றது. சுதர்சினி மஞ்சள் தெளித்து, சுவரடியில் ஒரு கிண்ணம் பால் வைத்துக் கும்பிட்டாள். என் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதே, உன் வழியில் போய்விடு என்று மனசாரக் கேட்டாள்.

காலையில் பார்த்தபோது பால் குடிபடவில்லை. ஆனால் கிண்ணத்தின் ஒரு பக்கம் விளிம்புவரை ஏறி, மறுபக்கம் பாதிக்கு இறங்கி நின்றது. கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள். பால் மறுபடியும் பள்ளத்துப் பக்கமே சாய்ந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி அவள் சேர்த்த வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு விரல்கடை மேலும் கீழுமாக விலகியிருந்தன. தாள் கிழியவில்லை, தோல் மாதிரி இழுபட்டு நின்றது. ஒட்டியது சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சீப்பை எடுத்து வழித்துப் பார்த்தாள். உள்ளே மெத்தென்று அழுந்தியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அன்று பௌர்ணமி, போயா நாள். கடை லீவு, யோகநாதன் முன்னறையில் படுத்திருந்தான். லோஜினி உள்ளே கட்டிலில் தூங்கியது. பாதையில் சிங்களச் சனங்கள் புத்த கோயிலுக்கு, பன்சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சில் விரதம் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் சுதர்சினி முதலில் நினைத்தாள். ஆனால் யாரும் வெள்ளை உடுத்தியிருக்கவில்லை. ஒருத்தி தலையில் பாய், இன்னொருத்தி இடுப்பில் சோற்றுப் பானை. ஒரு கிழவர் கோழியை அணைத்துக்கொண்டு நடந்தார். விரதத்துக்குப் போகிறவர்களுக்குக் கோழி எதற்கு?

குசுமா படலைக்கு வந்து கத்தினாள். "நங்கி, தாம கியே நெத்த? நாய யனவா!"

இன்னும் போகவில்லையா என்கிறாள், அது புரிந்தது. சுதர்சினி பதில் சொல்லத் தடுமாறுவதற்குள் உள்ளே பாய் உதறும் சத்தம் கேட்டது. யோகநாதன் எழுந்து வந்திருந்தான்.

"அவ என்ன சொன்னா?"

"அதேதாங்க. அன்னைக்குச் சொன்னதேதான். நல்லது..."

"நயா இல்ல சுதா. நாய. மலை சரியிறத அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீ எங்கிட்ட நல்லதுன்னுதானே சொன்னே?"

ஒரு எழுத்து நீண்டதைக் கவனிக்காமல் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தச் சுவரடியில் கிடத்தியிருக்கிறாள். உள்ளே ஓடினாள். செங்கல் தாள் வயிறு மாதிரி முன்னுக்கு உப்பியிருந்தது. பிள்ளையை வாரி எடுக்கும்போது அது நடுவால் கிழிந்தது. கிழிசலில் சுவர் இல்லை, சிவப்பு மண்ணும் ஒரு ரப்பர் வேரும் தெரிந்தன.

மூன்று பேரும் மழைக்குள் ஓடினார்கள். பாதி வழியில் அவள் மூச்சிரைக்கச் சொன்னாள். "கருங்கல் கட்டு ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேங்க. ஆறையும். அது வரும்னு."

யோகநாதன் நின்றான். திரும்பி மலையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "தண்ணி போற வழிய அடைச்சிட்டியே. இத யார்கிட்டயும் சொல்லிராத" என்றான்.

அவர்கள் பன்சாலைப் படி ஏறும்போது சத்தம் வந்தது. லொறி லொறியாய்க் கல் கொட்டுகிற சத்தம். அடங்கியதும் பள்ளத்தைப் பார்த்தார்கள். பாலசுப்பிரமணியத்தின் வீடு இருந்த இடம் மண். அதற்குக் கீழே குசுமாவின் வீடு இருந்த இடமும் மண். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிப் போன குசுமாவின் புருஷனை மட்டும் பன்சாலை மண்டபத்தில் காணவில்லை.

குசுமா இன்னும் நம்பிக்கையை விடவில்லை. வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுதர்சினியைக் கண்டதும் வந்து, பிள்ளையின் ஈரத் தலையைத் தன் சேலையால் துவட்டினாள். பிறகு சுதர்சினியின் கையைப் பிடித்து, மெதுவாக, புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நல்ல காலம் நங்கி, நான் சொன்னதைக் கேட்டாய்.

இந்தத் தடவை ஒரு சொல்கூடத் தப்பாமல் சுதர்சினிக்குப் புரிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். குசுமா விடவில்லை.