ஆறு நாள் பிள்ளை

பிள்ளையின் பாதங்களைக் கிருஷ்ணராஜ் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தாதி அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு வெள்ளைத் துணியால் மூடினாள்.

பிறந்து ஆறு நாள். மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நன்றாகத்தான் பால் குடித்தாள். நேற்றுக் காலையிலிருந்து இரண்டு வாய் உறிஞ்சுவதற்குள் களைத்து மூச்சு வாங்கினாள். கை சூடாக இருக்கிறது, கால் மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது என்றாள் அவன் மனைவி சுதர்சினி. மலைக்குளிர் என்று சொல்லி அவன் காலுறை மாட்டிவிட்டான். இன்று விடிந்தபோது பிள்ளையின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய், தலைக்கும் கைக்கும் கிளை பிரிந்த பிறகு ஓரிடத்தில் குறுகிப் போயிருந்தது என்றார். கருவிலிருந்தபோதே இருந்த குறுக்குவழி ஒன்று பிறந்த பிறகும் சில நாள் திறந்திருந்து, கீழுடம்புக்கு இரத்தத்தை அனுப்பியிருக்கிறது. அது மூடிக்கொண்டதும் கால்களுக்குப் போவது அற்றுப்போயிற்று. மறுபடி திறக்க மருந்து ஏற்றியும் இதயம் தாங்கவில்லை.

"நேத்தே கொண்டாந்திருந்தா?" என்று கேட்டான்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "சில பிள்ளையளுக்குப் பிறந்த உடன தெரியாது. உங்கட பிழை எண்டு நினைக்க வேண்டாம்."

கேட்டதற்கு அது பதிலில்லை. சுதர்சினிக்கும் அது விளங்கியிருக்கும். நேற்றுச் சொன்னதை இப்போது சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் சுவரைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் மரணப் பத்திரத்துக்குப் பிள்ளையின் பெயர் கேட்டார்கள். வைக்கவில்லையென்றால் தாயின் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளலாம் என்றார் கிளார்க். பெயர் இருக்கிறது என்றான் அவன். இருவரும் அதற்காக மல்லுக்கு நின்றிருந்தார்கள். அவனுக்குத் தன் அம்மாவின் பெயர்தான் வேண்டும், அவளுக்கு வேறொன்று.

வீடு திரும்பும் வேன் திகனையைத் தாண்டிய பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"என்னா பேரு குடுத்தீங்க?"

"யசோதினி."

அவள் ஆசைப்பட்ட பெயர். அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துணியைச் சற்று விலக்கி, பிள்ளையின் வலது காதருகே குனிந்தாள். மூன்று தடவை அவள் உதடுகள் அசைந்தன.

கிருஷ்ணராஜ் டிரைவரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னான்.