வீரகத்தியார் திருப்பி எடுக்காத மட்டை

கிளிநொச்சியில் விளையாட்டுச் சாமான் கடை போட்டுப் பதினாலு வருடமாக வீரகத்தியார் விற்ற பொருள் எதையும் திருப்பி எடுத்ததில்லை. அதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. சின்ன ஊர். ஒரு சாமான் திரும்பி வந்தது என்று தெரிந்தால் சனம் அந்தச் சாமானை மட்டுமல்ல, கடையையே ஒரு மாதிரிப் பார்க்கும். அப்படிப்பட்டவரின் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை பிரதீபன் மஞ்சள் டென்னிஸ் மட்டையைக் கொண்டுவந்து வைத்தான்.

ஒன்றரை வருடம் கடையில் தொங்கிய மட்டை அது. தலை பெரிது, பாரம் குறைவு, தொட்டால் பந்து பறக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் அதை நுளம்பு அடிக்கிற மின்சார மட்டை என்று நினைத்து, சார்ஜ் போடுகிற ஓட்டை எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் வங்கியில் வேலை செய்யும் பிரதீபன்தான் ஆசைப்பட்டு வாங்கினான். வாங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

"அண்ணை, இது சரிவராது. எங்கை அடிச்சாலும் வெளியிலைதான் போகுது. திருப்பி எடுங்கோ."

"பிழை ரக்கெட்டிலையோ கையிலையோ எண்டு கடைக்குள்ள நிண்டு சொல்லேலாது தம்பி. வாரும், விளையாடுற இடத்திலை பாப்பம்."

வீரகத்தியார் டென்னிஸ் ஆடியதே இல்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்தை இழுத்தால் ஏதாவது வழி பிறக்கும் என்பது அவருடைய வியாபார அனுபவம்.

மைதானத்தில், பிரதீபனோடு வழமையாக ஆடுகிற காணி அலுவலகத்து நாகேஸ்வரி தோளைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் நின்ற பக்கத்தில், கடைசிக் கோட்டுக்குப் பின்னால் கிடந்த சீமெந்துத் தரையில் சுப்பம்மா நெல் காயப்போட்டிருந்தார். அறுவடை நாட்களில் வெயில் படுகிற சீமெந்து எதுவும் சும்மா கிடப்பதில்லை.

பிரதீபன் முதலில் சேர்விஸ் போட்டான். நாகேஸ்வரி மட்டையை உயர்த்தும் முன்பே பந்து அவரைக் கடந்துவிட்டது.

"இதுக்கு என்ன குறை?" என்றார் வீரகத்தியார்.

"சேர்விஸ் நல்லம்தான். மிச்சத்தைப் பாருங்கோ."

நாயாற்றில் வலை வீசுகிறவன் மாதிரிக் கையை முழுதாகச் சுழற்றி முன்கை அடி அடித்தான். பந்து நெல்லில் போய் விழுந்தது. அடுத்ததும் அங்கேதான்.

"நல்ல நீளம்."

"நீளம் கூடினா அவுட், அண்ணை."

பின்கையால் வெட்டிவிட்ட பந்தோ பட்டம் மாதிரி மிதந்து, இறங்க மனமில்லாமல் நெல்லுக்கே போனது. வலைக்குக் கிட்ட வந்து மறித்து அடித்தபோது மட்டும் மட்டை தங்கமாக நடந்துகொண்டது. சும்மா பிடித்தாலே போதும், பந்து மூலையில் விழுந்தது. வீரகத்தியார் கை தட்டினார். வலைக்கு அப்பால் மெல்லப் போட்டுவிட நினைத்த பந்து துள்ளி நாகேஸ்வரியின் இடுப்புக்கு நேரே போனதும் தட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

சுப்பம்மா மடி நிறையப் பந்தோடு வந்தார். மலையகத்துக் குடும்பம், வட்டக்கச்சியில் வயல். "ஐயா, இந்தத் தம்பி எனக்கு நெல்லு கெளறி விடுறாரா? சம்பளமெல்லாம் கேக்கக் கூடாதுங்க."

பிரதீபன் மட்டையை நீட்டினான். "கேட்டியளோ? பிடியுங்கோ."

வீரகத்தியார் பிடிக்கவில்லை. அவருடைய கண் நாகேஸ்வரியின் தோளில் இருந்தது. நோவுள்ள தோள், முழுதாகச் சுழற்ற முடியாத கை. அந்தக் கையில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்துப் பாரமான மட்டை.

"அக்கா, உந்தத் தோளோடை இந்த இரும்பைத் தூக்கிறியளோ? இதை ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ."

பக்கம் மாறினார்கள். பிரதீபன் கையால் பந்து எறிந்து கொடுக்க, நாகேஸ்வரி அரை வீச்சுத்தான் வீசினார். பந்து வலையை உயரத் தாண்டிப் போய்க் கடைசிக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் இறங்கியது. பின்கையிலும் அப்படியே. நெல்லுக்கு ஒன்றும் போகவில்லை.

"தோள் நோகவே இல்லை," என்றார் ஆச்சரியமாக. "தள்ளுற வேலையை இதே பாக்குது. நான் சும்மா வழி காட்டினாக் காணும்."

பிரதீபனின் முகம் மாறியது. "அப்ப நானும் இன்னும் ஒரு கிழமை வைச்சுப் பாப்பம் போல கிடக்கு."

இந்த நோய் வீரகத்தியாருக்குத் தெரியும். துணிக்கடையில், அடுத்தவள் கை வைத்த சேலைதான் வடிவாகத் தெரியும். ஒரு கிழமை விட்டால் அடுத்த சனிக்கிழமையும் இவன் கடை வாசலில் நிற்பான். இன்றைக்கே முடிக்க வேண்டும். அவர் நாகேஸ்வரியின் பழைய மட்டையை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"அக்கா, இதை நான் கொண்டு போறன். பலமான கைக்குச் செய்த சாமான். இப்பத்தைப் பெடியளுக்கு ஏலாது."

"என்னண்டு ஏலாது? கொண்டாங்கோ," என்று பிரதீபன் அதைப் பறித்தான்.

மறுபடி பக்கம் மாறி, பிரதீபன் அதே வலை வீச்சை வீசினான். பந்து வேகமாகப் போய்க் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. ஆறு பந்து அடித்தான், ஆறும் உள்ளே. முழு வீச்சையும் அந்தப் பாரம் அடக்கி வைத்தது.

"இப்பதாங்க தம்பி வெளையாடுறாரு," என்றார் சுப்பம்மா.

மட்டைகள் கைக்குக் கை மாறின. பிரதீபன் பழையதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீரகத்தியார் மனம் மாறுவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

நாகேஸ்வரி மெல்லக் கேட்டார்: "நீங்கள் அதைக் கொண்டு போக நினைக்கவே இல்லை, என்ன?"

"என்ரை கடையிலை பழைய சாமானுக்கு எங்கை இடம், அக்கா?"

"சரி, நான் வாய் திறக்கேல்லை. ரெண்டு டப்பா பந்து அனுப்பி விடுங்கோ."

வீரகத்தியார் அவரை முதன்முதலாக மரியாதையோடு பார்த்தார்.

வீரகத்தியாரின் கையிலிருந்தே பறித்துவிட்டதாகப் பிரதீபன் வங்கி முழுக்கச் சொல்லி வைத்தான். திங்கட்கிழமை மத்தியானம் அங்கிருந்து இரண்டு பேர் வந்து, பாரமான பழைய மட்டை இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். கடையில் ஒன்றுகூட இல்லை. வீரகத்தியார் இருவருடைய கைகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கடை கைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். எதுக்கும் வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ."