வண்டியோடு வந்த டயர்

புது வண்டி ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் கதவைத் திறந்து மூடுவார், ஒருவர் சீட்டைத் தடவுவார், ஒருவர் இந்த விலைக்கு ரெண்டு வாங்கியிருக்கலாமே என்று வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டுப் போவார். பல் டாக்டர் வீட்டுக்கு வந்த வண்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வண்டியை அடம்பிடித்துப் பதிவு செய்ய வைத்தவன் டாக்டரின் ஒரே பையன். நிறம், சீட்டின் தோல், சக்கரத்தின் அளவு எல்லாம் அவன் பார்த்துப் பார்த்துச் சொன்னவை. வண்டி கைக்கு வர ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள். அதற்குள் பையன் போய்விட்டான். காய்ச்சல் என்று படுத்தவன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இருபத்து நாலு வயது.

ஷோரூமிலிருந்து போன் வந்தபோது டாக்டர் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். "வாழ்த்துகள் சார், உங்க வண்டி வந்துடுச்சு" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "சரிம்மா" என்றார். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா? அது அவரிடம் இல்லை. போனார், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அவர் மனைவி ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்காது. காய் வாங்கப் போனால் கடைக்காரரின் குடும்ப விவகாரம் முழுவதையும் தீர்த்துவைத்துவிட்டுத்தான் வருவாள். டாக்டர் அலுத்துக்கொள்வார்: "நான் நாள் முழுக்க வாயையே பாக்கறவன். வீட்டுக்கு வந்தாலும் வாயா?" பையன் போன பிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. சாப்பாடு மேஜைமேல இருக்கு. கேஸ் தீர்ந்துடுச்சு. மாத்திரை போட்டீங்களா. அவ்வளவுதான். பத்து மாதமாக அந்த வீட்டில் மிக்ஸி பேசியது, குழாய் பேசியது, மனிதர்கள் பேசவில்லை. அலுத்துக்கொண்ட மனிதருக்கு இப்போது அந்தக் குரல் வேண்டியிருந்தது. வேறு எதிலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் தெரியவில்லை, இருந்தாலும் தெரியவில்லை. அவள் பழையபடி இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று மட்டும் இருந்தது.

அவளுடைய அக்காதான் போனில் அதட்டினாள். "வண்டிய வாங்கி வாசல்ல நிறுத்தி வெச்சு என்ன பண்றீங்க? ஞாயித்துக்கிழமையானா கிளம்பி இங்க வாங்க. நான் சமைக்கறேன், சாப்ட்டுட்டுப் போங்க." அக்கா வீடு அடுத்த ஊரில் இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் அடியிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது. 'ஹோ' என்று, விடாமல், மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எஞ்சின் சத்தம் இல்லை அது. டயர். தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டில் இன்னும் மோசம். ரோட்டில் கிடந்த சின்னக் கல்லெல்லாம் முதுகெலும்புக்கு நேராக வந்து பெயர் சொல்லிவிட்டுப் போயிற்று. காசைக் கொட்டிக் கொடுத்து வாங்கிய வண்டி இது. டாக்டருக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவும் இப்படித்தானா என்று நினைத்துக்கொண்டு ஓட்டினார்.

அப்போது தற்செயலாகப் பக்கத்தில் திரும்பினார். மனைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

நேராக முன்னால் பார்த்தபடி அவள் பேசிக்கொண்டிருந்தாள். நிதானமாக, நடுவில் நிறுத்தி, மறுபடியும் தொடங்கி. ஓரிடத்தில் கையைக்கூட லேசாக விரித்தாள். ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை. வாயில் பஞ்சையும் குழாயையும் வைத்துக்கொண்டு உளறுகிறவர்களின் பேச்சைப் புரிந்துகொள்வது அவர் தொழில். உதட்டைப் பார்த்தே பாதியை ஊகித்துவிடுவார். ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, பெண்டாட்டி உதட்டைப் பார்ப்பானா? "என்ன?" என்று கேட்டால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதனால் நோயாளிகளிடம் செய்கிறதையே செய்தார். "ம்ம், ம்ம்" என்று தலையாட்டினார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கிறவர்கள் என்ன சொன்னாலும் அவர் அப்படித்தான் தலையாட்டுவார். அவர்களும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது என்று நிம்மதியாகக் கிடப்பார்கள்.

வண்டி ஊருக்குள் நுழைந்து வேகம் குறைந்து இரைச்சல் அடங்கியதும் அவளும் அடங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. போகும்போது பேச்சு, வரும்போது பேச்சு, வீட்டுக்குள் நுழைந்தால் வாய்ப்பூட்டு. டாக்டர் ஊகித்துப் பார்த்தார். தன்னைத் திட்டுகிறாளோ? காய்ச்சல் வந்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்கிறாளோ? அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, அதையாவது கேட்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

ஷோரூமுக்குப் போய்ச் சொன்னார். டை கட்டிய பையன் ஒருவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது ஸ்போர்ட் டயர் சார். கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். போகப் போகப் பழகிடும்" என்றான்.

"வண்டிக்கா, எனக்கா?" என்று கேட்டார் டாக்டர். பையனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சகலைக்கு, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரருக்கு, இந்த விஷயம் கிடைத்ததும் அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் சொந்தமாக வைத்திருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். ஆனால் உலகத்தில் எந்தக் காரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வார். "டாக்டரே, வண்டி கம்பெனிக்காரன் மாட்டி அனுப்பற டயர் எல்லாம் பேப்பர்ல மைலேஜ் காட்டறதுக்கு. ரப்பர் கல்லு மாதிரி இருக்கும். நல்ல மெத்து டயரா பாத்து மாத்துங்க, அப்புறம் ஊசி விழுந்தாலும் கேக்கும்."

"புது டயராச்சே?"

"செருப்பு புதுசுன்னா கால் கடிச்சாலும் போட்டுட்டுத் திரிவீங்களா?"

ஊசி விழுந்தாலும் கேக்கும் என்ற ஒரு பேச்சு டாக்டர் மனதில் தைத்துக்கொண்டது.

டயர் கடைக்காரர் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்தான். பஞ்சை இன்னும் மறக்கவில்லை போலும், அவரைப் பார்த்ததும் கை கன்னத்துக்குப் போனது. வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். காற்றுத் துப்பாக்கி 'டர்ர்' என்று போல்ட்டுகளைக் கழற்றியது. நாலு சக்கரமும் இறங்க, ஒவ்வொன்றாக மெஷினில் படுக்கவைத்து, ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி டயரை நெம்பி எடுத்தார்கள். தேயவே தேயாத டயர்கள். வார்ப்பில் வந்த ரப்பர் மயிர்கூட இன்னும் உதிரவில்லை.

"என்ன டாக்டர், இத எடுத்துட்டுப் போறீங்களா, இங்கயே விட்டுடறீங்களா? இதுக்கு இன்னிக்கே ஆள் இருக்கு."

"விட்டுடறேன்."

கடைக்காரர் புது டயரின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே சுற்றிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. "சத்தத்த இது குடிச்சிடும். பில்லப் பாத்து மட்டும் கண்ண மூடிக்கங்க. என் பல்லப் பிடுங்கறப்ப, வலிக்காது வலிக்காதுன்னு நீங்க சொன்னீங்கல்ல? அதேதான், வலிக்காது."

டாக்டர் சிரித்தார். முகம் சிரித்தது, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் கடையை விட்டு வெளியே வந்து நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. தன் கைக்கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. அதை ஆசை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் ஆசைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டாக்டர் மழமழவென்று சவரம் செய்துகொண்டார். போனை அணைத்து டிராயருக்குள் போட்டார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது, எண்பது, தொண்ணூறு, நூறு. சத்தம் இல்லை. தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி போயிற்று. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மனைவி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் திறந்தாள். தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் தெளிவாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், திடுக்கிட்ட மாதிரி சுற்றிலும் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பாதி தூரம் வந்தாயிற்று. டாக்டரால் பொறுக்க முடியவில்லை.

"வண்டி பரவாயில்லையா?"

"ம். சத்தமே இல்ல."

"டயர் மாத்தினேன்."

"ஓ."

"ஏதாவது பேசேன்."

"என்ன பேச?"

"இத்தன வாரமா பேசிட்டு வந்தியே. எனக்கு ஒண்ணுமே காதுல விழல. அதுக்குத்தான் டயரே மாத்தினேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. வழி கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். "உங்ககிட்ட பேசல."

"பின்ன?"

"அவன்கிட்ட."

டாக்டர் ரோட்டைப் பார்த்தார். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"வீட்டுல பேசிப் பாத்தேன்" என்றாள் அவள். "வாயத் திறந்தா என் குரல் எனக்கே கேக்குது. கேட்டா அந்த ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன்னு தெரிஞ்சுடுது. இந்த வண்டி இரைச்சல்ல நான் பேசறது எனக்குக் கேக்காது. அவனுக்கு மட்டும் கேக்குதுன்னு வெச்சுக்குவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க தலையாட்டிட்டே வந்தீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் ஒண்ணும் கேக்காம ஓட்டறீங்கன்னு நெனச்சேன்."

டாக்டருக்கு அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை. வந்தது பொறாமை. அவன் தனக்கும் பையன்தானே? பக்கத்து சீட்டில் இருந்துகொண்டே தன்னை விட்டுவிட்டு அவள் மட்டும் அவனோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு போயிருக்கிறாளே. அதற்குப் பின்னால் கூச்சம் வந்தது. அவளுக்கு இருந்தது அந்த இரண்டு மணி நேரம். கடன்காரன் மாதிரி அதையும் பிடுங்கிக்கொண்டாயிற்று, அதுவும் நல்லது செய்கிறேன் என்று.

"அந்த டயரயே திரும்ப வாங்கி மாட்டிடவா?" என்றார். ஆள் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. அது இந்நேரம் யாருடைய வண்டியிலோ எந்த ரோட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

"வேண்டாம், விடுங்க. காசு குடுத்து மாத்தியிருக்கீங்க."

காசைப் பற்றி அவள் பேசியது அவரை என்னவோ செய்தது. பேச்சு மறுபடியும் கேஸ், மாத்திரை, சாப்பாடு என்ற இடத்துக்கே வந்துவிட்டது. இனி இப்படியே அக்கா வீடுவரை, இப்படியே வீடுவரை, இப்படியே எவ்வளவு நாளோ. வண்டிக்குள் அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்டது. தன்னுடையதும் கேட்டது. ஊசி விழுந்தாலும் கேக்கும் என்று சொன்ன சகலையின் வாயில் நாலு ஊசி போட வேண்டும் என்று நினைத்தார்.

எதை யோசித்து அதைச் செய்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வலது கை கதவிலிருந்த பொத்தான்களைத் தடவிக் கண்டுபிடித்தது. நாலு கண்ணாடியையும் கடைசிவரை இறக்கிவிட்டார்.

காற்று அறைந்துகொண்டு உள்ளே வந்தது. பின் சீட்டில் இருந்த துணிப்பை எழும்பிக் கதவில் மோதியது. காது அடைத்தது. டயராவது ஒரே மாதிரி இரைந்துகொண்டிருந்தது. இது 'படபட' என்று அடித்தது, தூசியை அள்ளிக் கண்ணில் போட்டது. மனைவியின் தலைமுடி பிரிந்து முகமெல்லாம் பறந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. லாரியைத் தாண்டினார். இன்னொரு வண்டியைத் தாண்டினார். ஓர் ஐந்து நிமிஷம் போயிருக்கும், பிறகுதான் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கண்களை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். முடி வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது, அப்படியே பேசினாள். காற்று அவள் முகத்தில் அடிக்கிற அடியைப் பார்க்க டாக்டருக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு வேகம் வேண்டாம், கொஞ்சம் மெதுவாகப் போவோம் என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினார். எண்பதுக்கு இறங்கியது, அறுபதுக்கு இறங்கியது. காற்றின் சத்தம் மெலிய ஆரம்பித்தது.

அவள் கை வந்து அவர் முழங்கையைப் பிடித்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள், அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

"குறைக்காதீங்க. உங்களப் பத்தித்தான் சொல்லிட்டு இருக்கேன்."