நாற்பத்தொரு சுண்டு விரல்கள்

தனுஷிகா இங்கிலாந்தில் ஒரு நகரசபைக்குத் தெரிவான அன்று, இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்தொரு பேருக்கு இடது சுண்டு விரலில் ஓட்டு மை ஏறியது. இங்கே அன்று தேர்தல் எதுவும் இல்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கக் கூடையை இறக்கியபோதுதான் கவனித்தார்கள். மறுநாள் செய்தி வந்தது: பிள்ளை நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்திருக்கிறாள். அங்கே எண்ணியவர்களுக்குச் சில சீட்டுகளில் பச்சைக் கொழுந்து வாசம் அடித்ததாம். வாசத்துக்கு எதிராகச் சட்டம் எதுவும் இல்லாததால் சேர்த்து எண்ணிவிட்டார்கள். எங்கள் தொழிற்சங்கத் தலைவர் இதற்கும் தானே காரணம் என்று சொல்லிப் பார்த்தார். அவர் விரல் சுத்தமாக இருந்ததால் எடுபடவில்லை.

தனுஷிகா எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளை. தாயை இழந்தவளை ஒன்பது வயது வரை வளர்த்தது அப்பாவின் அக்கா, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. பிறகு அப்பா கஜேந்திரன் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சட்டம் படித்தாள், வாடகை வீடுகளில் ஈரத்தோடு கிடந்தவர்களுக்காக வாதாடினாள். ஒழுகும் கூரையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இருபத்துநாலு வயதில் நகரசபை. இருபத்தேழில், அந்தத் தொகுதி எம்.பி. இறந்துபோக, இடைத்தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சி கேட்டது.

வினை அங்கேதான் வந்தது. அங்கே வியாழக்கிழமை தேர்தல். இங்கே அடுத்த செவ்வாய் பிரதேச சபைத் தேர்தல். போன முறை மை போக மூன்று வாரம் ஆனது. தேய்த்துத் தேய்த்து நூர்தீன் கடையில் எலுமிச்சைதான் தீர்ந்தது. அவள் நின்றால் இங்கே மறுபடி மை ஏறும்; மையோடு போனால், ஓட்டுப் போட்டாயிற்று என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேச்சியம்மாவால் அதைத் தாங்க முடியாது. இதே மண்ணில் பிறந்தும், இந்திய வம்சாவளி என்பதால் நாடற்றவளாக இருந்து, முப்பத்தேழு வயதில்தான் குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தவள். அதன்பின் ஒரு தேர்தலையும் விட்டதில்லை, காய்ச்சலோடும் போயிருக்கிறாள்.

“நான் வெலகிக்கிறேன் அத்தை. என்னால ஒங்க ஓட்டு போயிறக் கூடாது,” என்று போனில் அழுதாள் தனுஷிகா.

“நீ நில்லு கண்ணு. இங்க உள்ள ஆபீசர நான் பாத்துக்கிறேன்,” என்றாள் பேச்சியம்மா. போனை வைத்ததும், ஆபீசரிடம் சொல்ல வேண்டியதைத் தனக்குள் சிங்களத்தில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள்.

வியாழன் பகலில் அறுபத்துமூன்று பேருக்கு மை ஏறியது. தனுஷிகா அறுபத்துமூன்று ஓட்டில் எம்.பி. ஆனாள். செவ்வாய்க்கிழமை மழையில் அந்த அறுபத்துமூன்று பேரும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நின்றார்கள், முதல் ஆள் பேச்சியம்மா. அதிகாரி விரலைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் நகரவில்லை. தெரிந்த சிங்களத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “முப்பத்தேழு வருஷம் நின்னுட்டேன் மாத்தயா, இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்க மாட்டேனா?” என்று கேட்டாள். அதிகாரி மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் வெகுநேரம் யோசித்து, வெளிநாட்டு மை இங்கே செல்லாது, பட்டியலில் பெயர் வெட்டப்படாதவர்களுக்குச் சீட்டைக் கொடு என்றது. அதிகாரி வலது சுண்டு விரலைக் கேட்டார். பேச்சியம்மா அழுதுகொண்டே நீட்டினாள்.

இப்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தேர்தல் வேலைக்கு வருபவர்கள், நீட்டிய கையில் மை இருந்தால் மறு கையைக் கேட்கிறார்கள். முப்பத்தேழு வருடம் ஒரு ஓட்டும் இல்லாதிருந்தவளுக்கு இன்று இரண்டு இருக்கின்றன. அதிகம் என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை.