கிஹெய் மறைத்த புலி

செத்தவனின் மேலங்கியை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, தலைகீழாக அவன்மேல் போர்த்த வேண்டும். ஜப்பானில் சிச்சிபுப் பக்கத்து வழக்கம் அது. தோவா செத்த புருஷனின் மேலங்கியை மடிப்புப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

அவள் புருஷன் கிஹெய்யின் கறுப்புப் பட்டு மேலங்கிக்கு வெளியே குடும்ப முத்திரை மட்டும்தான். உள்ளே தைத்த பட்டில் ஒரு புலி. கல்யாணமான புதிதில் அவளும் பார்த்திருக்கிறாள். பிறகு என்ன வந்ததோ, யாரையும் தொடவிடவில்லை. மடிப்பதும் பூட்டுவதும் அவனேதான். விருந்துகளில் "உள்ள புலிடா, புலி!" என்று பீற்றிக்கொள்வான், வேர்த்து வழிந்தாலும் கழற்ற மாட்டான். புலியாவது எலியாவது, ஆட்டக்காரி கெய்ஷா ஒருத்தியை அம்மணமாக வரைந்து வைத்திருக்கிறான் என்று ஊர் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தோவாவும் பாதி நம்பினாள்.

இப்போது கூடத்தில் இருபது பேர்.

"என்னடி தயங்குற? பிக்கு வந்துடுவாரு, திருப்பு," என்றாள் கிஹெய்யின் அக்கா ஷிகே.

"அப்படியே போர்த்திடலாமே அக்கா. இன்னைக்கு என் மானம் போயிடும்."

"நல்லா இருக்கே! நேரா போர்த்தினா என் தம்பி திரும்பி வந்து உன் காலைப் பிடிச்சு இழுப்பான்." சொல்லிக்கொண்டே பிடுங்கி உதறித் திருப்பிவிட்டாள்.

புலி இல்லை. கெய்ஷாவும் இல்லை. சிவப்புப் பட்டில் வெள்ளை நாரைகள். ஒரு நாரையின் இறக்கையில் பொறி பட்ட ஓட்டை, கறுப்பு நூலால் தைத்திருந்தது.

அந்த ஓட்டையைத் தைத்தவள் தோவாதான். அந்தப் பட்டு அவளுடைய கல்யாண உள்ளங்கி. அரிசி விலை ஏறிய ஆண்டு, மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது விற்கச் சொல்லிக் கொடுத்தாள். மருந்தோடும் அரிசியோடும் வந்து "வித்துட்டேன்" என்றான். அதிலிருந்து சண்டைக்குச் சண்டை, "என் கல்யாணப் பட்டை வித்த ஆளுதானே நீ" என்று குத்திக்காட்டுவாள். அவன் தேநீரை ஊதி ஊதிக் குடிப்பான்.

"புலி எங்கடி?"

"அதைத்தான் வித்திருக்காரு அக்கா, என் பட்டை உள்ள வெச்சுத் தச்சுக்கிட்டாரு. பத்தொன்பது வருஷம் திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா புலி போன கதை வெளிய வந்துடுமே. அவன் வீம்பு உனக்குத் தெரியாதா?"

தோவா மேலங்கியின் கழுத்துப் பக்கத்தைக் காலிலும் அடி ஓரத்தை முகத்தருகிலும் வைத்துப் போர்த்தினாள். தைத்த நாரை அவன் வாயருகே வந்தது.

"இப்பவாவது வாயைத் திறந்து சொல்லேன், பாவி மனுஷா," என்றாள். அப்புறம்தான் அழுதாள்.