நாலாவது மூலை

அந்த வீட்டு மூத்த மருமகள் பெரியவளுக்கு ஒரு வியாதி உண்டு. எது தொங்கினாலும் வெட்டிவிடுவாள். திரைச்சீலை தைக்கும் கடையில் கடைசிக் கை அவளுடையதுதான். நூலோ பிசிறோ, அவள் கத்தரிக்குத் தப்பி வாசல் தாண்டியதில்லை. வீட்டிலும் அதே கதைதான். சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவள் கணவர் அவள் பக்கமே போகமாட்டார்.

அந்த வியாதிதான் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மானத்தை வாங்கியது.

அன்று மெஷினில் இருந்த போர்வை நாத்தனாருடையது. கணவரின் தங்கை, கல்யாணம் ஆகாதவள். கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காததால் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து, அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவள். பெரியவள் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து அவளே தைத்த போர்வை. கரை வைப்பதுதான் பாக்கி. அந்த அகலத்தை நாற்காலியில் உட்கார்ந்து மெஷினில் தள்ள முடியாது.

வீடு இருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். இப்போது கணவரின் தம்பிக்குத் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த வீடு கிடைத்திருக்கிறது.

"கரை வெச்சு முடிச்சதும் தம்பி வீட்டுக்குப் போயிடறேன் அண்ணி" என்று நாத்தனார் சொன்னபோது பெரியவளுக்கு அழுகைதான் வந்தது. வாய் என்னவோ, "நல்லதுதான், நாலு மனுஷங்களையாவது பாப்பே" என்றது. அன்றைக்கே அலமாரி மேலிருந்து நாத்தனாரின் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அழுகை வந்தால் அவளுக்கு வேலை செய்யத்தான் தெரியும். இந்த விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் கோளாறு.

கரைக்குக் கோடு போட்ட துணி. மூலையில் கோடு உடையாமல் திரும்ப வேண்டும் என்று நாத்தனாருக்கு ஆசை. அதற்குப் போட்டோ சட்டத்தின் மூலை மாதிரி இரண்டு கரைகளும் சாய்வாகச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு கரையின் இரண்டு முனையிலும் வால் மாதிரி கூடுதல் துணி விட்டு வெட்ட வேண்டும். போர்வையின் ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்த வேண்டும். அப்புறம் வாலோடு வாலைச் சாய்த்து மடித்து, இஸ்திரி போட்டு, மடிப்பின் மேல் தைத்து, விரித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் வாலை வெட்டலாம்.

ஒத்தாசைக்குத் தம்பி பெண்டாட்டி வந்திருந்தாள். சின்னவள் இஸ்திரி போட, பெரியவள் தைக்க, நாற்காலியிலிருந்து நாத்தனார் அதிகாரம் பண்ண, மூன்று மூலைகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன. நாலாவதை விரித்த சின்னவள் குனிந்து தேடினாள்.

"அக்கா, இந்தப் பக்கத்து வால் எங்கே?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சு சுவாரசியத்தில் வெட்டியது மட்டுமில்லை, அந்தத் துண்டாலேயே மெஷின் எண்ணெயையும் துடைத்திருந்தாள். கருப்புக் கந்தலாக மேஜைக்கு அடியில் கிடந்தது. அந்தத் துணியில் வேறு துண்டும் இல்லை.

"வேணும்னே வெட்டிட்டீங்களா?" சின்னவள் சிரித்தாள். "முடிஞ்சுதுன்னா அவங்க கிளம்பிடுவாங்களேன்னு?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கை சுத்தத்துக்குப் பேர்போனவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"நான் ஏன்டி வெட்டறேன்? அவ போனா எனக்கென்ன நஷ்டம்? எனக்கு ஒரு ரூம்தான் மிச்சம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் நழுவினாள். பாவம், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நாத்தனார் அந்த மூலையை மடியில் இழுத்து வைத்துப் பார்த்தாள். "இதை நேராவே தைச்சிடலாம் அண்ணி. வெட்டுப்படாத கரையோட வாலை அப்படியே நீட்டி விட்டா மூடிக்கும்."

"மூணு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரியா? அசிங்கமா இருக்கும்."

"நாள் முழுக்கப் பிழை திருத்தறேன். எனக்குன்னு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்." மூலையைத் தடவிக்கொண்டே, "நிஜமாவே மறந்துதான் வெட்டினீங்களா?" என்றாள்.

"சத்தியமா."

"ப்ச். வேணும்னு வெட்டினீங்களோன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போறேன்னு சொன்ன அன்னிக்கே பெட்டியை இறக்கினீங்க. எப்படா தொலைவான்னு இத்தனை வருஷமா காத்திட்டிருந்தீங்க போலன்னு நினைச்சேன். தப்பு சொல்லலை. யாரா இருந்தாலும் அலுக்கும்."

"அடிப்பாவி!" பெரியவள் குரல் உடைந்தது. "பெட்டியை இறக்காம இருந்தா உன் காலைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்டி. இந்த ஜன்னலை விட்டா உனக்கு வேற உலகமில்லை. உன்னை எந்த வாயால இருன்னு சொல்லுவேன்?"

நாத்தனாரின் கண்ணும் நிறைந்துவிட்டது. "நான் போகத்தான் போறேன் அண்ணி. எனக்குத் தெருவுல இறங்கணும். ஆனா போகாதேன்னு ஒரே ஒரு தடவை சொல்லி அனுப்புங்க. அது போதும்."

சமையலறையில் டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போர்வையோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதேடி."

நாத்தனார் போதும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பெரியவளுக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை. "போகாதே" என்றாள் மறுபடியும். இன்னொரு தடவை வாயைத் திறந்ததும் நாத்தனார் அவசரமாக அவள் வாயைப் பொத்தினாள்.

"போதும் அண்ணி. இன்னும் ஒரு தடவை சொன்னீங்கன்னா இருந்திடுவேன்."